விளக்கணைக்கும் கை

வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான் சுந்தரமகாலிங்கம். பார்த்தால் சிரிப்பார்கள்தான். நல்லவேளையாகக் கல்யாண மண்டபத்தின் பேனல் அறைக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் வேலை இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச், சுவர் முழுக்க சுவிட்சுகள். சாம்பார் கொதிக்கிற வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடையில் தாலி ஏறும். தாலி ஏறினால் வாசலில் வெடி போடுவார்கள். சாத்தூரில் வெடி இல்லாமல் ஒரு கல்யாணமா, அதுவும் பெண்ணின் அப்பாவே வெடி வியாபாரியாக இருக்கும்போது? நேற்று மாலையே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள், சுருள் சுருளாகச் சரவெடி, ஒவ்வொன்றும் பாய் மாதிரி. வெடித்தால் இந்தக் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய். நன்றாகவே தெரியும். எதிர்ச் சுவரில், உட்கார்ந்தபடியே எட்டிவிடும் உயரத்தில், சிவப்புப் பிடி போட்ட மெயின் சுவிட்ச் இருக்கிறது. கை எழும். பிடியைப் பிடிக்கும். கீழே இழுக்கும். அப்புறம்தான் அவனுக்கே விஷயம் தெரியவரும். மண்டபம் முழுக்க இருட்டில் கிடக்க, தாலி பாதி முடிச்சில் நிற்க, பெண்ணைப் பெற்றவள் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள். தாலி ஏறுகிற நேரத்தில் விளக்கு அணைந்த கல்யாணம் என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் பூராவும் சொல்லிக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத பெண். காலையில் காரிலிருந்து இறங்கும்போது புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'லைட்டெல்லாம் அழகா இருக்குல்ல' என்று தோழியிடம் சொன்னாள். அந்த லைட்டெல்லாம் இவன் போட்டது. கை மரத்துப்போய் ஊசி குத்தியது. மரக்கட்டும். மரத்த கை நல்ல கை.

போன மாதம் நடந்தது ஒரு காதுகுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிது. தாய்மாமன் சீர்த்தட்டோடு வாசலில் ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் பிடி கீழே இருந்தது. மண்டபத்தில் ஓ என்று ஒரு கூச்சல், குழந்தைகளின் அழுகை, 'கரண்டு போச்சு, கரண்டு போச்சு'. அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ தோளில் மாட்டியிருப்பதுபோல் இருந்தது. உடனே மேலே தூக்கிவிட்டான், எல்லாம் எரிந்தது, எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆனால் மண்டபத்து மேனேஜர் திருமேனி அண்ணாச்சி லேசுப்பட்ட ஆள் இல்லை. வெற்றிலைச் சிவப்பும் சந்தேகமும் அந்த முகத்தை விட்டு எப்போதும் போகாது. மறுநாள் கூப்பிட்டு நிறுத்தி, "ஆபீசுக்குப் போன் போட்டேன் தம்பி. அவுக லைன்ல ஒண்ணுமே இல்லைங்குறாக. பக்கத்துல டீக்கடையில ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துருக்கு. அப்ப இங்க மட்டும் எப்படிப் போகும்?" என்றார். அவன் ஏதோ லூஸ் கனெக்ஷன் என்று முனகினான். "காதுகுத்துல போனா கழுதை போகட்டும். முகூர்த்தத்துல போச்சுன்னா மண்டபத்துக்கே ராசியில்லன்னு பேராயிரும். தாலி ஏறுற வரைக்கும் அந்த ரூமை விட்டு இம்மி நகரப்பிடாது, பார்த்துக்கிடுங்க." வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி, தெருமுனையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று இவன் கேட்டுத் தொலைத்தான். அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏந் தம்பி, மிலிட்டரிக்காரருக்கு வெடிச் சத்தம் பயமாக்கும்?" பயம் இல்லை அண்ணாச்சி. பயம் என்பது பிறகு வருவது, மெதுவாக வருவது. இது அதற்கு முன்னாடி வருவது. இதை எப்படி வெற்றிலை மெல்லுகிற ஒரு மனிதரிடம் விளக்கிச் சொல்ல? அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

மேலே இருந்தபோது இதே கையைத்தான் எல்லாரும் கொண்டாடினார்கள். மேலே என்றால் அவனுக்கு இன்னமும் அந்த ஒரு இடம்தான்: பனிமலையின் முதுகில் ஒரு எல்லைக் காவல் போஸ்ட், சில பங்கர்கள், எதிர் மலையில் எதிரிகளுடைய போஸ்ட். இடையில் ஒன்றுமில்லை, காற்றைத் தவிர. ஹவில்தார் மகாலிங்கம்தான் அங்கே கரண்டு. வயர்லெஸ் பேட்டரிக்கு அவன் சார்ஜ் போட்டால்தான் கீழே இருக்கிறவர்களுக்கு இவர்கள் உயிரோடு இருப்பது தெரியும். டீசல் உறைந்து நெய்யாகிவிடும். ஸ்டவ் வைத்து என்ஜினின் அடிவயிற்றைச் சூடு காட்ட வேண்டும். ஈரவிரலோடு இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால் மெயின் சுவிட்சின் பிடிக்குத் தன் பழைய பனியனைக் கிழித்துச் சுற்றியிருந்தான். விளக்கைப் போடுவது யாரும் செய்கிற வேலை. அணைப்பதுதான் அங்கே வேலை. பொழுது சாய்ந்தபின் ஒரு கீற்று வெளிச்சம் வாசலில் தொங்கும் கம்பளிக்கு வெளியே கசிந்தால் போதும், எதிர்மலைக்காரன் அதைக் குறிவைத்துப் போடுவான். முதல் பீரங்கி ஷெல் விழுந்ததும் யாராவது ஒருத்தன் 'அந்தேரா' என்று கத்துவான். இருட்டு என்று அர்த்தம். அந்தச் சொல் முடிவதற்குள் இருட்டு வந்திருக்க வேண்டும். முதலில் எல்லாம் சொல் முடிந்தபிறகு அணைத்தான். பிறகு சொல்லின் பாதியில். அப்புறம் கத்துவதையே விட்டுவிட்டார்கள். சத்தம் கேட்டாலே மகாலிங்கத்தின் கை அணைத்துவிடும். 'அந்தக் கை இருக்கிற வரைக்கும் நாம தூங்கலாம்' என்று சுபேதார் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். பதக்கம் எதுவும் குத்தவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் சில நாள் குளிக்கும்போது நினைத்துக்கொள்வான். மனைவி வேலுத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால், 'லைட்டை அணைச்சதுக்கா?' என்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஜெனரேட்டர் ஓடுகிற அந்தக் கொட்டகைதான் போஸ்டிலேயே கதகதப்பான இடம். அதனால் அவன் வீட்டில் எப்போதும் விருந்தாளிகள். காலுறையைக் காயப்போட ஒருத்தன், உறைந்த இங்க் பேனாவை இளக்க ஒருத்தன், சும்மா முதுகைச் சூடு காட்டிக்கொண்டு ஊர்க்கதை பேச ஒருத்தன். சைலன்சர் குழாய் மேல் உருளைக்கிழங்கு வைத்துச் சுடுவார்கள். டீசல் வாடையோடு அதைப் பிட்டு உப்பில் தொட்டுத் தின்றால், அப்பா, அந்த ருசி இந்த மண்டபத்துப் பந்தியில் எந்த இலையிலும் இல்லை. தினமும் தவறாமல் வருகிறவன் சமையல்காரன் நேகி. வடக்கே கார்வால் மலைப்பக்கத்துக்காரன், குள்ளம், காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். பிசைந்த கோதுமை மாவை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வருவான், வெளியே வைத்தால் கல்லாகிவிடும் என்று. மாவு என்ஜினுக்குப் பக்கத்தில் தூங்கும். நேகி அதற்குப் பக்கத்தில் தூங்குவான். ஒரு சாயங்காலம் ஷெல் விழுந்தது. கை தன் வேலையைச் செய்தது. போஸ்ட் இருண்டது. அதன்பின் வேலை முடிந்த அந்தக் கை ஆட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. இடது கையால் பிடித்துப் பார்த்தான். இரண்டும் சேர்ந்து ஆடின. அந்த இருட்டில் நேகி தடவித் தடவி அண்டாவைத் திறந்தான். ஒரு பெரிய உருண்டை மாவை எடுத்து அவன் உள்ளங்கையில் அப்பினான். "பிசை," என்றான் இந்தியில். "கைக்கு வேலை கொடு மாலிங்கம் பாய். சும்மா இருக்கிற கைதான் நடுங்கும்." வெளியே மலை அதிர அதிர இரண்டு பேரும் உட்கார்ந்து பிசைந்தார்கள். அதற்குமுன் ரொட்டி அவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை என்று மறுநாள் எல்லாரும் சொன்னார்கள். அந்த மாவின் சூடு. அந்தப் பிசுபிசுப்பு. அந்தக் கொட்டகைக்கு ஏங்குகிறோமே, இது என்ன கூத்து என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. செத்துப்போக இருந்த இடத்துக்கு யாராவது ஏங்குவார்களா? ஏங்கினான். இங்கே இந்த அறை கொதிக்கிறது, யாரும் வருவதில்லை.

நாதஸ்வரம் ஏதோ மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. வோல்ட் மீட்டரைப் பார்த்தான், முள் அசையவில்லை. ஊருக்கு வந்தபின் முதல் வேலை பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பது. பட்டாளத்திலிருந்து வந்தவன் என்றால் ஊரில் எல்லாருக்கும் அந்த ஒரு வேலைதான் தோன்றுகிறது. 'நான் எலக்ட்ரீசியன்' என்றால், 'அதான் மிலிட்டரில இருந்துருக்கீகளே' என்கிறார்கள். வாசலில் நின்று கதவு திறந்துவிட்டான். பாஸ்புக்கில் என்ட்ரி போட எந்த கவுன்டர் என்று வழி சொன்னான். உள்ளே டியூப் லைட் ஒன்று மாதக்கணக்காகத் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரை மாற்றக்கூட அவனை விடவில்லை, அதற்குக் கான்ட்ராக்டர் இருக்கிறாராம். அதன்பின் ஒரு மில்லில் இன்டர்வியூ. உங்கள் சாதனையாக எதைச் சொல்வீர்கள் என்று கேட்டார் நல்ல மரியாதையான ஓர் இன்ஜினியர். "எங்க போஸ்ட்ல நான் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட லைட்டு வெளியே தெரிஞ்சதில்லை சார்" என்றான். அவர் பேனாவை வைத்துவிட்டு, தெரியாமல் இருப்பதா, என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அப்புறம் இந்த மண்டபம். இங்கே வேலையே நேர்மாறு. மயில், யானை, மாலை மாற்றுகிற ஜோடி என்று சீரியல் பல்பில் ஆர்ச் கட்டி நாலு ஊருக்குத் தெரியும்படி எரியவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அத்தனையையும் போட்டுவிட்டு ரோட்டில் நின்று பார்த்தபோது, நடுத்தெருவில் சட்டையில்லாமல் நிற்பதுபோல் கூசியது. முதுகுக்குப் பின்னால் மலை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். புளியமரம் இருந்தது. ஆனால் வேலுத்தாய்க்குச் சந்தோஷம். தண்ணிக் குழாயில் நிற்கிற பெண்களிடம், 'எங்க வீட்டுக்காரரு மண்டபத்துல கரண்டு இன்சார்ஜ்' என்று சொல்லிக்கொள்கிறாள். பேங்க்கில் நின்ற காலத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாளாம். பேங்க்காரர்கள் இன்னமும் ஆள் தேடுகிறார்கள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதே நாற்காலி, அதே துப்பாக்கி. இன்றைக்கு இந்தக் கை காட்டிக்கொடுத்தால் அங்கேதான். மீதி ஆயுசுக்கும் கதவு திறந்துவிடுவது. காலையில் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது, "இன்னைக்குப் பெரிய எடத்துக் கல்யாணம். நல்லபடியாச் செஞ்சுட்டு வாங்க" என்றாள். செய்ய என்ன இருக்கிறது? செய்யாமல் இருக்க வேண்டும். அதுதானே வரமாட்டேன் என்கிறது.

எழுந்து வெளியே போய்விட்டால்? இந்த யோசனை நேற்றிலிருந்து ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. பிடி எட்டாத இடத்தில் இருந்தால் கை என்ன செய்யும்? ஆனால் போன நேரம் பார்த்து உண்மையிலேயே கரண்டு போனால்? ஜெனரேட்டருக்குக் கையால்தான் மாற்றிவிட வேண்டும், அதற்கு இங்கே ஆள் வேண்டும். அண்ணாச்சி இம்மி நகரப்பிடாது என்றார். அண்ணாச்சி சொல்லாவிட்டாலும் நகரமாட்டான். பேனலை விட்டுப் போனவன் என்று மேலே ஒருத்தனைப் பற்றிச் சொன்னால் அதற்குமேல் வசவு கிடையாது. ஆக, இருந்தால் கை அணைத்துவிடும். போனால் கரண்டு போய்விடும். கரண்டு போகவா போகிறது, காலையிலிருந்து முள் அசையவில்லையே. காதுகுத்து அன்றைக்கும் அசையவில்லை, நீதானே அசைத்தாய். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா? வைத்துப் பார்த்தான், வெடி காது வழியாக மட்டுமா வருகிறது, தரை வழியாகவும் வருகிறதே. துண்டால் கையை நாற்காலியோடு கட்டிப் பார்த்தான், ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தான். நேகிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது இதைச் சொல்லியிருந்தான். அவன் ஊர்ப்பக்கம் ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். முதலில் ஹோ ஹோ என்று சிரித்தான். பிறகு, "நான் மட்டும் என்னவாம்? என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பீடி குடிக்கும்போதும் நெருப்பை உள்ளங்கைக்குள் மறைத்துத்தான் குடிக்கிறேன். யாருக்குத் தெரியாமல் மறைக்கிறீர்கள் என்று வீட்டுக்காரி கேட்கிறாள்" என்றான். போனில் அந்த மலைக்காற்று கேட்டது. கேட்டதுபோல் இருந்தது. அந்தக் காற்றைக் கேட்கத்தான் போன் செய்தோமோ என்னவோ.

"கரண்டுக்காரத் தம்பியா? இங்கனதான் இருக்கீகளா?" கதவருகில் ஒரு அம்மாள். மஞ்சள் பட்டு, மூக்குத்தி, கையில் தட்டு நிறைய மஞ்சள் அரிசி. "நான் பொண்ணோட அத்தை. சமையக்கட்டுல எல்லாருக்கும் அட்சதை குடுத்துட்டேன். வேலை பாக்குற சனமும் வாழ்த்தணும்ல? கையை நீட்டுங்க." கை தொடைக்கு அடியில் இருந்தது. அவன் இடது கையை நீட்டினான். "நல்லாருக்கே! சோத்துக் கையை நீட்டுங்க தம்பி" என்று அதட்டினாள். வலது கையை வெளியே எடுத்தான். செக்கச்செவேல் என்று, நாற்காலியின் வரி பதிந்து, உணர்ச்சியற்று வந்தது. அவள் ஒரு பிடி அரிசியை அதில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடிவிட்டாள், குழந்தைக்குச் செய்வதுபோல. "இங்க இருந்து போட்டா எங்க போய்ச் சேரும்? வந்து போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டாள். கையில் உயிர் திரும்பிக் குறுகுறுத்தது. அரிசி லேசாக ஈரமாக, மஞ்சளும் நெய்யும் பிசுபிசுக்க இருந்தது. அந்தப் பிசுபிசுப்பு அவனுக்குத் தெரியும். எங்கே என்று தேடவே வேண்டாம். கீழே வைக்க முடியாது. அட்சதையைத் தரையில் கொட்டலாமா? சட்டைப் பையில் போட்டுவிட்டால்? போட்டுவிட்டால் கை மறுபடி சும்மா இருக்கும். வெளியே நாதஸ்வரம் நின்றது. மந்திரச் சத்தம் மட்டும் மைக்கில் வேகமாகக் கேட்டது. அவன் சிவப்புப் பிடியைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். போனால் பேனலை விட்டவன் என்கிற பெயர். சுபேதார் என்ன சொல்வார்? அவர் என்ன சொல்வார், ரிட்டயராகிக் கடுகு விதைத்துக்கொண்டிருக்கிறார். மகாலிங்கம் எழுந்தான். கதவை வெளியிலிருந்து பூட்டினான், சாவியை இடது கையில் இறுக்கிக்கொண்டான், பெரிய குற்றம் செய்யப் போகிறவன்போல் சமையல்கட்டு வழியாக நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் முதுகுக்குப் பின்னால் அந்த அறை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

மண்டபத்துக்குள் அவன் விளக்கு எரியும்போது வந்ததே இல்லை. அல்லது வந்தபோதெல்லாம் பல்பையும் வயரையும் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. இப்போது முகங்கள் தெரிந்தன. அத்தனை முகங்கள், வியர்வையும் பவுடருமாக, சிரிப்பும் கொட்டாவியுமாக, ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாத முகங்கள். மேலே அவன் யார் முகத்தையும் இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை. நேகியின் முகம்கூட என்ஜின் பக்கத்துச் சின்ன பல்பில் பாதிதான் ஞாபகம். அத்தை கூட்டத்தின் கடைசியில் தட்டோடு நின்றாள். அவன் போய் அவள் பக்கத்தில் ஒதுங்கினான். மேடை ஓரத்தில் திருமேனி அண்ணாச்சி. அவன் இங்கே நிற்பதைக் கண்டதும் அவருடைய வாய் மெல்லுவதை நிறுத்தியது. கண் இரண்டும் 'ரூமுக்குப் போ' என்றன. போய்விடலாமா? இப்போது ஓடினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். கால் ஒரு அடி பின்னால் வைத்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோகிறான், மேளக்காரர் குச்சியை ஓங்கி ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் இன்னும் அசையவில்லை, அதற்குள் வாசலில் எந்த அவசரக்கார மாமனோ ஒரு அணுகுண்டை வெடித்துவிட்டான்.

கை எழுந்தது. அவனைக் கேட்கவில்லை. எழுந்து, எப்போதும் இழுக்கிற அதே வேகத்தில் கீழே வெட்டியது. இழுக்கப் பிடி இல்லை. விரல்கள் விரிந்தன. ஒரு பிடி மஞ்சள் அரிசி கூட்டத்தின் தலைக்கு மேலே, விளக்குகளுக்குக் கீழே, மண்டபத்தின் நடுவில் போய்ச் சிதறியது. அதைப் பார்த்து நடுவரிசைக் கிழவர் ஒருவர் நேரம் ஆகிவிட்டது என்று தன் அரிசியைப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். அப்புறம் மொத்தக் கூட்டமும். ஐயர் திகைத்து விரலை ஆட்ட, கெட்டி மேளம் இடித்து முழங்க, மாப்பிள்ளை அடித்துப் பிடித்து முதல் முடிச்சைப் போட்டான். பெண் குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. அண்ணாச்சி அவனை ஒருமுறை முறைத்தார், பிறகு தலையைத் தூக்கி எரிகிற விளக்குகளை ஒருமுறை பார்த்தார், பிறகு மெதுவாக மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளையவிட உங்களுக்கு அவசரமா இருக்கு!" என்றாள் அத்தை, சிரித்து மாளாமல்.

மகாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது, எதற்கு என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. வாசலில் சரவெடி ஆரம்பித்துவிட்டது. தரை அதிர்ந்தது. காலியாகிவிட்ட கை மெல்ல ஆடத் தொடங்குவதை அவன் பார்த்தான். பாய் பாயாக இறக்கிய வெடி, அவ்வளவு சீக்கிரம் முடியாது.

"அக்கா," என்று அந்தக் கையை அவளிடம் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் அரிசி குடுங்க."